செல்லியம்மாளின் போன் ஏன் அணைந்தது

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. என் காரில் போன் சார்ஜ் ஏறவில்லை என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் வெற்றிசெல்வனின் மொபைல் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர், பெயர் செல்லியம்மாள். ஒரு கார் சார்ஜரைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். வெற்றிசெல்வன் அதைச் செருகிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே ஏறுது என்றார். இனி காசைத் திருப்பிக் கேட்டு ஒரு சண்டை நடக்கும் என்று நான் வசதியாகச் சாய்ந்து நின்றேன்.

"காசு வேணாம் தம்பி. இது என்னுதுகூட இல்ல, டிரைவரு கிட்ட கேட்டு வாங்கியாந்தேன். அன்னிக்கி ஏன் ஏறலன்னு மட்டும் சொல்லு."

என் சார்ஜரை மறந்துவிட்டு அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். கதை எழுதுகிறவன் புத்தி அதுதான்.

2

முதல் தொடக்கம்: "மலையில் மழை பெய்துகொண்டிருந்தது. செல்லியம்மாளின் கண்களிலும்

(அடித்துவிட்டேன். அவர் அழவேயில்லை. நான் எதற்கு அழவைக்க?)

இரண்டாம் தொடக்கம்: "காரில் கைபேசிக்கு மின்னேற்றம் ஆகாமல் போவதற்குப் பல காரணங்கள் உள்ளன. முதலில் ஒயரை

(இது கடைச் சுவரில் ஒட்டும் நோட்டீஸ்.)

சரி, நேராகவே சொல்கிறேன். செல்லியம்மாளின் கணவர் ராமன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர். அவர் போன் கெட்டுப்போனது. ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினார்: செவ்வாய்க்கிழமை யார் போனையாவது வாங்கிக் கூப்பிடுகிறேன், சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருக்கச் சொல். செல்லியம்மாளின் ஊரில் சிக்னல் கிடையாது. முந்தின நாள் காற்றில் கரண்டும் போய்விட்டது. போனில் கொஞ்சம்தான் சார்ஜ் மிச்சம். வெள்ளிமலையில் இளமாறனின் வாடகைக் காரில் ஏறி, அதிலிருந்த சார்ஜரில் போனைச் செருகினார். திரையில் மின்னல் குறி வந்தது. வளைவில் விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சிக்னல் கிடைக்கிற அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் இறங்கிப் பிரித்தால், போன் செத்துக் கிடந்தது.

(சிம்மைக் கழற்றி இளமாறன் போனில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஏறிக்கொண்டிருக்கிறது என்று நம்பியவர் எதற்குக் கழற்றப்போகிறார்?)

டீக்கடையில் சார்ஜ் போட்டதும் போனுக்கு உயிர் வந்தது. ஒரே நம்பர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருப்பதாக மெசேஜ்கள் வந்து விழுந்தன. திருப்பி அடித்தார். யாரோ கன்னடத்தில் பேசினார். டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர் போனை வாங்கிப் பேசிவிட்டுச் சொன்னார்: அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு தமிழ் ஆள் போன் கேட்டாராம், கொடுத்தாராம். அந்த ஆள் விடாமல் அடித்துப் பார்த்தாராம். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ராமனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார் என்கிறது தோட்டம். புகார் கொடுத்தாயிற்று. மாதங்கள் ஓடிவிட்டன.

3

இப்போது முடிவு வேண்டும். முடிவு என்றால் இந்தக் கதையில் காரணம்தான்.

ஒயர் என்று எழுதினேன். உள்ளே அறுந்திருக்கும், ஒருசமயம் ஏறும், ஒருசமயம் ஏறாது. எழுதிய கையோடு வெற்றிசெல்வன் முகம் ஞாபகம் வந்தது. அந்தச் சார்ஜர் அவர் கடையில் வாங்கியது. செல்லியம்மாள் எத்தனை முறை வந்து கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் செருகிக் காட்டுகிற மனிதர் அவர். அடித்துவிட்டேன்.

சிக்னல் இல்லாத மலையில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும்* என்று எழுதினேன். யார் மேலும் பழி வராது. ஆனால் படித்தால் பொய்யாக இருக்கிறது. மலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மனிதர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

(* இது உண்மைதான். ஆனால் உண்மையெல்லாம் கதைக்குப் போதுவதில்லை.)

போனில் சார்ஜர் செருகும் ஓட்டையில் சாமை உமி அடைத்திருந்தது என்று எழுதினேன். வெற்றிசெல்வன் குண்டூசியால் கிளறியபோது கொஞ்சம் வரத்தான் செய்தது. அப்படியென்றால் தப்பு செல்லியம்மாளுடையது. அடுத்த வரி எழுத வரவில்லை.

பிறகு இளமாறன். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்கச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, அடிவாரத்துக் கோமுகி அணை வரைக்கும் வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டு வருகிற டிரைவர்கள் உண்டு. சாவியை அணைத்தால் பல வண்டிகளில் சார்ஜரும் அணைந்துவிடும். கதைக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்காது. கொஞ்சம் டீசலுக்கு ஒரு மனிதன். எனக்குக் கை அரித்தது.

ஆனால் இளமாறன் நான் உண்டாக்கிய ஆள் இல்லை. அதனால் கார் ஸ்டாண்டுக்குப் போய்க் கேட்டேன்.

4

அணைக்கவில்லை என்றார். அப்படி ஓட்டினால் பிரேக் பிடிக்காது, அதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம் என்றார். நான் சரியென்று கிளம்பினேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியோடு என் பின்னாலேயே வந்தார்.

"சார், அணைச்சா சார்ஜ் ஏறாதா?"

ஏறாது என்றேன். என் வாயை அடக்கியிருக்கலாம். அவர் துணியை மடித்தார், மறுபடியும் பிரித்தார். எல்லா வண்டியிலுமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் வண்டியில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை.

5

போன வாரம் செல்லியம்மாளைக் கடையில் மறுபடியும் பார்த்தேன். நான் எழுதுவதை வெற்றிசெல்வன் சொல்லியிருக்கிறார். காரணமென்று யார் பேரைப் போட்டீர்கள் என்று செல்லியம்மாள் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"எம்மேலயே போட்டு எழுதிடுங்க சார். துணில சுத்தி வெச்சிக்கினு பாக்காம வந்தது நான்தானே. மத்தவங்க மேல போட்டா அவங்க மூஞ்சப் பாத்துக்கினே இருக்கணும். எம்மேலன்னா, அவரு வந்து என்னத் திட்டிட்டுப் போவட்டும்."

வந்து திட்டட்டும் என்றார். இன்னும் வருவார் என்று இருக்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை துளியும் இல்லை. அதைச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

என்னால் இதற்கு மேல் ஆகாது. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்:

அன்று போன் அணைந்ததற்குக் காரணம் ....................

நீங்கள் எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அச்சானதும் தனக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று செல்லியம்மாள் கேட்டிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மலைக்குப் போகும்போது காரில் இளமாறன் படித்துக் காட்டுவார் என்றார்.