யானையின் தும்மல்

சிவப்புப் பந்தைச் சிவப்புக் கூடையில் போட வேண்டும், நீலத்தை நீலத்தில். அவ்வளவுதான் விளையாட்டு. நடை பழகி முடித்த வாண்டுகளுக்கு நிறம் சொல்லித்தரும் இந்தக் கணினி விளையாட்டுக்காக ஒரு வருடமாக உயிரைக் கொடுத்திருந்தாள் சித்தி. அக்கா மகள் அலுவலகத்துக்கு வந்து வந்து "சித்தி" என்று கூப்பிட்டதில் அலுவலகம் முழுக்க அவளுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

சரியாகப் போட்டால் நட்சத்திரம் மின்னும். தப்பாகப் போட்டால் திரையில் நிற்கும் யானை தும்மும். பிள்ளை மனம் வாடக் கூடாதே என்று சித்தியே மைக் முன்னால் தும்மிப் பதிவு செய்த தும்மல் அது.

அன்று முதலாளி பார்க்க வந்தார். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று வாயை இறுக்கி வைத்திருக்கிற மனிதர். பிள்ளைகள் நிறம் கற்றுக்கொள்ளவில்லை என்றால் விளையாட்டை மூட்டை கட்டிவிடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அக்கா மகளும் ஊழியர் வீட்டுப் பிள்ளைகளும் பாயில் டேப்லெட்டோடு உட்கார்ந்தார்கள். சிவப்புப் பந்து நீலக் கூடைக்குப் போனது. ஹச்! பாயில் உருண்டு சிரித்தார்கள். அடுத்தது மஞ்சளில். ஹச்! ஒரு பிள்ளைகூடத் தப்பித் தவறியும் சரியான கூடைப் பக்கம் போகவில்லை.

"என்னம்மா இது? ஒண்ணுக்குக்கூட நிறம் தெரியலையே!" என்றார் முதலாளி. பக்கத்தில் கிடந்த சிவப்புப் பந்து ஒன்றை எடுத்து அக்கா மகளிடம் நீட்டினார். "பாப்பா, இது என்ன கலரு?"

"நீலம்" என்றாள் அவள், அவர் மூக்கையே உற்றுப் பார்த்தபடி.

"நல்லாப் பாரு."

"மஞ்சள்!" மறுபடியும் மூக்கைப் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள். "சித்தி, இந்த மாமா தும்மவே மாட்டேங்கிறாரு."

சித்திக்குச் சட்டென்று விளங்கியது. கரும்பு தின்னக் கூலியும் கொடுத்தால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்?

"சார், அதுங்களுக்கு நிறம் நல்லாவே தெரியும். தெரியாமப் போட்டிருந்தா ஒரு தடவையாவது சரியா விழுந்திருக்குமே! பார்த்துப் பார்த்துத் தப்பாப் போடுதுங்க. தப்புக்குப் பரிசு வச்ச புத்திசாலி நான்தான். கொஞ்ச நேரம் குடுங்க, மாத்திடறேன்."

நட்சத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தும்மலைச் சரியான கூடைக்கு மாற்றினாள்.

அக்கா மகள் சிவப்பை மஞ்சளில் போட்டாள். யானை கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. நீலத்தில் போட்டாள். ஊஹூம். திரையை முறைத்துப் பார்த்தாள். பிறகு நேராகச் சிவப்புக் கூடையில் போட்டாள். ஹச்!

அதற்கப்புறம் பாயில் ஒரு பந்துகூட வழி தவறவில்லை. சித்திக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"குடு பார்ப்போம்" என்று முதலாளி டேப்லெட்டை வாங்கினார். பச்சையைப் பச்சையில் போட்டார். ஹச்! வயிறு குலுங்கச் சிரித்தார். இன்னொன்று போட்டார்.

"அப்போ வெளியிடலாமா சார்?"

"வெளியிடுங்க, வெளியிடுங்க" என்றார், தலையைத் தூக்காமலே.

அக்கா மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, என் முறை!"

"இரும்மா, மஞ்சள் மட்டும் பாக்கி."