முதல் குப்பி யார் கையால்

ஊரிகம் டயாலிசிஸ் மையத்துக்கு மருந்து செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பெட்டியைத் திறக்கத்தான் வெள்ளி வரை வேளை வரவில்லை. முதல் குப்பியைச் சிறப்பு விருந்தினர் தம் பொற்கரங்களால் எடுத்துத் தர வேண்டும் என்பது அறக்கட்டளைத் தலைவர் ஜெயகரனின் ஆசை. ஆகவே பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்.

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராஜப்பாவின் தொடையில் ஒரு மாதமாகப் புண். சிறுநீரகம் போனவர்களில் சிலருக்கு வருவது. தோலுக்கடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து அடைத்துக்கொள்ள, சதை கருகிப்போகிறது. கத்தி வைத்தால் புண் பெரிதாகலாம் என்று டாக்டர் அஞ்சினார். கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த மருந்தை எழுதினார். வாரம் மூன்று முறை, டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். புதன்கிழமை ராஜப்பா வலியில் முனகியபடி ரிப்பனை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளி, மணி பதினொன்று. பத்துக்கு வரவேண்டிய விருந்தினரைக் காணோம்.

"சார், டயாலிசிஸ் முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. இப்ப ஏத்தணும்," என்றாள் நர்ஸ் ஐடா.

"பத்து நிமிஷம் சிஸ்டர். கோலார் தாண்டிட்டாராம்."

"ஒம்பதரைக்கும் அதான் சொன்னீங்க," என்றாள் ராஜப்பாவின் மனைவி குணசுந்தரி. "இன்னா சார், கோலாரு நகுந்துக்கினே போவுதா?"

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கோசரம்தான் இவ்ளோ ஏற்பாடும்."

அவள் ராஜப்பாவின் மேலிருந்த போர்வையை விலக்கினாள். "வாங்க, குனிஞ்சி பாருங்க. துணி பட்டாலே துடிக்கிறாரு. பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க, பத்து நிமிஷம்னு."

ஜெயகரனின் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று.

ராஜப்பா கண்ணைத் திறந்தார். "மைன்ல மேனேஜருக்கோசரம், ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜ் காத்துனு நிக்கும் சார். அடிபட்டவன் உள்ள இருந்தா எவனுக்கும் நிக்காது."

குணசுந்தரி கட்டுப்போடும் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ரிப்பன் கீழே விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. ஐடா குப்பியை எடுத்து, டாக்டர் சீட்டோடு அளவைச் சரிபார்த்து, சலைனில் கலந்து மெஷின் குழாயில் இணைத்தாள்.

"இது முறையில்ல சிஸ்டர்!"

"சீட்டுல ரிப்பன் எழுதலியே சார்."

விருந்தினர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். மருந்து முழுவதும் ஏறியிருந்தது. குமட்டலில் ராஜப்பா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெயகரன் ஐடாவின் காதருகில் குனிந்தார். "போட்டோவுக்கு மட்டும், இன்னொரு தபா ஏத்துற மாதிரி…"

குணசுந்தரி மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். "திங்கக்கெழம வாங்க. பதினோரு மணி. லேட்டானா யாருக்கோசரமும் நிக்காது."

விருந்தினர் செல்போனைத் தடவிப் பார்த்தார். "திங்கள்கிழமை எனக்கு வேற நிகழ்ச்சி இருக்கேம்மா."

"ரொம்ப சந்தோசம்," என்றாள் குணசுந்தரி.