பிரேக் வானுக்குப் பின்பக்கம் எது?

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. எழுதுகிறவள் நிரோஜா. சண்டையை மறைக்க முதலில் இப்படித் தொடங்கினாள்: ‘பிரித்தானிய ரயில்வே வரலாற்றில் காவலாளிகளின் பங்கானது...’ சீ, பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். மொன்றியலில் பஸ் ஓட்டும் கணவர் ஞானேந்திரன் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் உள்ளங்கை அளவு ரயில்பெட்டி ஒன்றை ஒட்டிக்கொண்டிருக்கிறார். பழைய பிரித்தானியச் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி, பிரேக் வான்.

“எல்லாத்துக்கும் பிரேக் போடுற ஆளுக்கு ஏத்த விளையாட்டு!” என்று வெடித்தாள். அவர் பசையை மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

2

பழிவாங்கத்தான் எழுத உட்கார்ந்தாள். ‘கடைசிப் பெட்டியில் ஒரு காவலாளி. கள்ளர் வராமல் பார்ப்பதைத் தவிர வேறு வேலையற்ற...’

அதை அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். அவளுக்கு இன்னும் எரிச்சல்.

“இஞ்சேரும், இந்த ரயில் கார்ட் வாசல்லை நிக்கிற காவலாளி இல்லை. அந்த நாளையிலை சாரதி பிடிக்கிற பிரேக் சரக்குப் பெட்டியளுக்கு வராது. பெட்டிக்குப் பெட்டி தொளதொளத்த சங்கிலிதான். வெடுக்கெண்டு இழுபட்டால் அறுந்திடும். கடைசியிலை இருக்கிறவர்தான் பிரேக்கைச் சுத்திச் சுத்தி, சங்கிலி தளராமல் வைச்சிருப்பார்.”

“அப்ப பிரேக் நிப்பாட்டுறதுக்கு இல்லையோ?” கோபத்தை மறந்து கேட்டுவிட்டாள்.

“நிப்பாட்டவும்தான். அறாமல் இருக்கவும்தான்.”

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த மாதிரிப்பெட்டி அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு. அவருடைய மௌனம் மட்டும் முழு அளவு.)

3

ஞானேந்திரன் பாத்திரமாக வரமாட்டேன் என்கிறார். நல்லவராக எழுதினாலும் பொய், கெட்டவராக எழுதினாலும் பொய்.

முடிவு அ: அவர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். (சினிமா.)

முடிவு ஆ: அவள் தனியே ரயில் ஏறுகிறாள், அவர் கீழே நின்று... (அழுகை வந்துவிட்டது. வேண்டாம்.)

4

வியாழக்கிழமை பெட்டி முடிந்திருந்தது. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி விறாந்தை. மிளகளவு சிவப்பு விளக்கு மட்டும் ஒட்டாமல் கிடந்தது.

“இதை ஏன் ஒட்டேல்லை?”

“அது பின்பக்கம் கொழுவுறது. அதைக் கண்டால்தான் சிக்னல்காரர் ரயில் அறாமல் முழுசா வந்திட்டுதெண்டு நம்புவினம். ரயில் எந்தப் பக்கம் போகுதெண்டு தெரியாமல் நான் எங்கை ஒட்டுறது?”

“அதை நீங்களெல்லோ சொல்ல வேணும்!”

“நீர் ‘போறன்’ எண்டுதான் சொன்னீர், நிரோ. ‘போவம்’ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை.”

ஐயோ. முதல் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். அவர் சொல்லாதது எல்லாம் அங்கே இருக்கிறது. அவள் கேட்டதாக ஒரு வரி இல்லை. அவளே எழுதியதுதான்.

5

விளக்கு இப்போது அவள் விரல் நுனியில். பசையும் தொட்டாயிற்று. அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்க்கிறார். போறனா, போவமா? ஒரு சொல்தான் பாக்கி, அதை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக, பசை காய்கிறது.