கறையான் இருந்த கல்

ஈரமான உப்புத்தாளில் கல்லை இன்னும் இரண்டு இழுப்பு தேய்த்துவிட்டு, மகள் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தாள். மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பர்; சுண்டுவிரல் நகமளவு. உள்ளே சிறகு முளைத்த ஒரு கறையான். அந்த இனம் இன்று கடலுக்கு அப்பால் ஒரே ஒரு கண்டத்தில்தான் உயிரோடு இருக்கிறது. இதன் பின்சிறகில் மடிப்பு இருந்தால், ஒரு காலத்தில் இங்கேயும் அது வாழ்ந்தது என்றாகிவிடும். அப்பா ஆயுள் முழுக்க வாதாடியது அதைத்தான். யாரும் நம்பவில்லை.

"நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான். இங்க பூண்டோட காலி, அங்க மட்டும் கொழிக்குது" என்று ஆய்வுக்கூடத்தில் சிரிப்பார். அந்த மனிதர் இப்போது அடுத்த அறையில் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவர் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து தேய்ப்பவள் இவள்தான்.

மடிப்பு தெரிந்தது. சின்ன விசிறி போல, தெளிவாக.

ஓடிப்போய் அவர் காதருகே குனிந்தாள். "அப்பா, அதேதான்ப்பா. மடிப்பு இருக்கு."

அவருக்குக் கேட்ட மாதிரியே இல்லை. கைகள் காற்றைத் துழாவின. தொண்டையிலிருந்து முனகல் எழுந்தது.

"சத்தம் நின்னதுலேருந்து தவிக்கிறாரு" என்றாள் அம்மா. "அது கேட்ட வரைக்கும் அமைதியா இருந்தாரு. போய்த் தேய்டி."

"இதுக்கு மேல தேய்ச்சா பூச்சி போயிடும்மா. இருக்கறதே இந்த ஒரு கல்லுதான்."

அம்மா அவர் நெற்றியைத் துடைத்தாள்.

மகள் ஒரு பொத்தானைத் தேய்த்துப் பார்த்தாள். கரண்டிக் காம்பைத் தேய்த்தாள். அம்பர் தேயும் சத்தத்திலேயே ஊறிய காது ஏமாறவில்லை, முனகல் கூடியது. வேறு வழியில்லாமல் கல்லைப் பின்பக்கமாகத் திருப்பித் தேய்த்தாள். அடங்கியது.

கல் மெலிந்துகொண்டே வந்தது. கல்லைக் காட்டாமல் பேசுகிறவன் கதைவிடுகிறான் என்பது அப்பாவின் கட்சி. அது நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டே தேய்த்தாள்.

பொழுது சாயும்போது அம்மா வாசலில் வந்து நின்றாள். "போதும்மா."

மறுநாள் உடலை எடுத்த பிறகு, ஆய்வுக்கூட உதவியாளர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஐயாவோட கல்லு... மடிப்பு இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப குடுங்க, படம் எடுத்துடலாம்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் மஞ்சள் தூள் போகவில்லை.