'இருந்தால்' இல்லாத மன்னிப்பு

தம்பி நீட்டிய தாளில் பெரியக்கா ஒரே ஒரு சொல்லைத்தான் பென்சிலால் அடித்தாள். 'என் பேச்சு அவையின் நெறிக்கு மாறாக இருந்தால் வருந்துகிறேன்' என்று இருந்தது.

"அதென்னடா 'இருந்தால்'? குவாரி உன் பொண்டாட்டி பேர்ல இருக்கா, இல்லையா?"

"வக்கீல் எழுதிக் கொடுத்தது அக்கா."

"வக்கீலுக்கு அவர் அப்பா வேற. நமக்கு நம்ம அப்பா வேற."

மகளுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாக விழுந்துவிட்டது என்று பாதி வழியில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்க் குறைத்துவிட்டு வந்த வாத்தியார் அவர்கள் அப்பா. அந்த மகள் இவள்தான்.

குவாரிக்கும் வீடுகளுக்கும் நடுவே விடவேண்டிய தூரத்தைக் குறைக்கும் மசோதாவுக்காக, சட்டமன்ற உறுப்பினரான தம்பி அவையில் அரைமணி நேரம் முழங்கியிருந்தான். சொந்த லாபம் உண்டென்றால் அதை முதலில் அறிவித்துவிட்டுத்தான் பேசவேண்டும் என்பது விதி. அவன் அறிவிக்கவில்லை. நெறிமுறைக் குழு நாலு மாதம் விசாரித்தது. இடைநீக்கம் என்று பேச்சு அடிபட்டு, கடைசியில் வெறும் கண்டிப்பு என்று தேய்ந்தது. அவைத்தலைவர் வாசிப்பார், உறுப்பினர் எழுந்து நின்று கேட்டுவிட்டு ஒரு வரியில் மன்னிப்புக் கேட்கவேண்டும். அது அவைக்குறிப்பில் அச்சாகி நூலகத்தில் இருக்கும்.

பெரியக்காவுக்கு அந்த அச்சு போதும். தப்புச் செய்தான், நிமிர்ந்து நின்று ஒப்புக்கொண்டான் என்று ஒரு பக்கம் இருந்தால், அப்பாவின் பெயரை இன்னும் வாய்விட்டுச் சொல்லலாம்.

அச்சின் அருமை அவளுக்குத் தெரியும். அவைக்குறிப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தினவள். அவைத்தலைவர் நீக்கச் சொன்ன வார்த்தைகளின் இடத்தில் நட்சத்திரக் குறி போடுவதும் அவள் கைதான். "நட்சத்திரக்காரம்மா, நேத்து நான் பேசினதுல வானமே தெரியுதே" என்று உறுப்பினர்கள் கிண்டலடிப்பார்கள். அவள் சிரித்ததில்லை. கெட்ட வார்த்தை அச்சேறக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவைத்தலைவர் கண்டிப்பை வாசித்து முடிக்கும்வரை தம்பி அசையாமல் நின்றான். பிறகு, "என் பேச்சு அவையின் நெறிக்கு மாறானது. வருந்துகிறேன்" என்றான். 'இருந்தால்' இல்லை. குரல் பிசிறவில்லை. பெரியக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

அப்போது எதிர்வரிசையிலிருந்து ஒரு மூத்த உறுப்பினர் எழுந்தார். நாலு மாதமாகத் தம்பியைத் திருடன் என்று மேடைக்கு மேடை சொன்னவர். "இந்த நிகழ்வு குறிப்பில் இருப்பது அவையின் மாண்புக்கு அழகல்ல" என்றார்.

"முழுவதும் நீக்கப்படுகிறது" என்றார் அவைத்தலைவர், தாளைக்கூடப் புரட்டாமல். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள்.

கூடத்துக்கு வெளியே தம்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான். முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் களை.

"நீ சொன்ன மாதிரியே சொல்லிட்டேன், பார்த்தியா? திருப்திதானே?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்தே பேசி முடிச்சாச்சு. கேமராவும் ஓடல. இப்ப எழுந்தாரே, அடுத்த மாசம் அவர் மருமகன் விவகாரம் குழுவுக்கு வருதுல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இல்லேன்னா 'இருந்தால்' இல்லாம யாராவது சொல்லுவாங்களா அக்கா? எப்படியும் உன் நட்சத்திரம்தானே."

அவள் அவன் காரில் ஏறவில்லை. பேருந்தில் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண், "நீங்க அந்த வாத்தியார் பொண்ணுதானே?" என்று கேட்டாள். பெரியக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இல்ல" என்றாள்.

ஓய்வு பெற்றும் அவைக்குறிப்பின் பிரதி ஒன்று அவளுக்கு வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை அது வந்தது. பக்கத்தைக் கண்டுபிடித்தாள். தம்பியின் பெயர். பெயரில் முன்னெழுத்தாக அப்பா. அதன் பக்கத்தில் முக்காற்புள்ளி. அப்புறம் பக்கத்தின் அடிவரை நட்சத்திரங்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள், மேசை தட்டும் ஒலி.

மூன்றாவது வரியில் ஒரு நட்சத்திரம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை பென்சிலை எடுத்து, ஓரத்தில் திருத்தக் குறி போட்டது.