பாஸ்வேர்டு கேட்டவள்

கொத்தனார் முன்னறையில் காத்திருந்தார். மகனின் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பைப் பள்ளியில் மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். சேர்க்கைக்கு அன்றுதான் கடைசி நாள். மொழிபெயர்ப்பாளரான அவள் வேலையை முந்தின நாளே முடித்துவிட்டாள். ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

அந்த ஒரு பக்கம்தான் வருவேனா என்றது. பிரின்டர் இணைப்பில் இல்லை என்று கம்ப்யூட்டர் சாதித்தது. இரண்டையும் அணைத்துப் போட்டாள். பிரின்டரைப் பட்டியலிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்கப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை ஊரெல்லாம் தேடுவதுபோல் கம்ப்யூட்டர் தேடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, நேரமாகுமா?"

"இருங்க, இப்ப வந்துடும்" என்றாள். குரலில் அவளுக்கே நம்பிக்கையில்லை.

பிரின்டரின் சின்னத் திரையை அப்போதுதான் கவனித்தாள். வைஃபை கிடைக்கவில்லை என்று இருந்தது. கம்ப்யூட்டரிலோ வைஃபைக்கு ஏதோ புதுப்பெயர். கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். பழைய ரூட்டர் தரையில் கிடந்தது. அதன் இடத்தில் நான்கு கொம்பு வைத்த புதுப்பெட்டி ஒன்று மினுங்கியது. கணவனின் வேலை. அவள் கம்ப்யூட்டரிலும் அவனே பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறான். பிரின்டரை அம்போவென்று விட்டுவிட்டான். அவளிடம் மூச்சு விடவில்லை.

அவன் அறைக்கதவைத் திறந்தாள். மீட்டிங்கில் இருந்தான்.

"புது பாஸ்வேர்டு என்ன?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டினான். மறுபடி கேட்டாள். மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னான்: "மீட்டிங்ல இருக்கேன்ல? உன் பிரின்டர் எங்க ஓடிப்போகுது? அப்புறம் பாத்துக்கலாம்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இவன் மீட்டிங்குக்காக வீடே வாயைப் பொத்திக்கொண்டு நடந்தது. மிக்ஸி போடக்கூட இவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் வேலை மட்டும் இவனுக்குப் பொழுதுபோக்கு.

கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். புதுப்பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கிப் பழையதில் மாட்டினாள். சற்றுப் பொறுத்துப் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரைப் பழைய பெயருக்கு மாற்றிய கையோடு பிரின்டர் உறுமித் தாளைத் தள்ளியது.

"யாரு நெட்ட புடுங்குனது?" கழுத்தில் ஹெட்செட்டோடு வந்து நின்றான்.

அவள் திரும்பவில்லை. கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, கொத்தனாரிடம் நீட்டினாள். அவர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "வரேன்க்கா" என்று கிளம்பினார்.

"கொஞ்சம் பொறுக்க முடியாதா உனக்கு? மேனேஜர் பேசிட்டிருக்கும்போது கட்டாயிடுச்சு."

"ரெண்டு தடவ கேட்டேன். கைய ஆட்டுனீங்க. அந்த மனுஷன் புள்ள சீட்டு போயிருந்தா நீங்க பதில் சொல்வீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத்தான தெரியும். புதுசையே மாட்டிக்கோங்க. ஆனா பிரின்டர்ல பாஸ்வேர்ட நீங்களே போடுங்க."

அவன் புதுப்பெட்டியை மாட்டி, மீட்டிங்கை ஒருவழியாக முடித்துவிட்டு வந்து, பிரின்டர் முன்னால் குந்தினான். அதில் எழுத்துப் பலகை கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் அம்புக்குறியை அழுத்தி அழுத்தித் தேடிப் பிடிக்க வேண்டும். அவன் வைத்திருந்ததோ அனுமார் வால் பாஸ்வேர்டு. கடைசியில் ஏதோ பிசகி, எல்லாம் அழிந்துபோனது.

"இங்க கொஞ்சம் வந்து பாரேன்."

"வேலையிருக்கு" என்றாள். அடுத்த ஆவணத்தைத் திறந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கோபம் இன்னும் விரல்களில் இருந்தது. விசைகள் படபடவென்று அடிபட்டன.