பதினோரு நிமிடக் குரல்

பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் ஆலோசகர் அம்மாள் ஒருவர் வந்து, பெற்றவர்களிடம் காதலைப் பற்றி எப்படிப் பேசுவது என்று ஒரு மணி நேரம் சொல்லிவிட்டுப் போனார். எதிரும் புதிருமாக உட்காராதீர்கள். அவர்கள் கை வேலையாக இருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதையும் மறைக்காதீர்கள். அந்த அம்மாள் வீட்டில் கதவு வைத்த அறைகள் குறைந்தது நாலு இருந்திருக்கும். வக்கீல் அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வக்கீல் என்பது அப்பா வைத்த பட்டம். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறாளே என்று கேலியாக வைத்தது. பதினேழு வயதில் அவளுக்கு நிஜமாகவே சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வெளியூர், விடுதி. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அந்த வம்சத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அப்பா துணிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். வேனில் ஏறுகிறவர்கள் உட்காருவதற்குள், "எங்க வீட்டு வக்கீலுக்கு சீட்டு கிடைச்சிருச்சு, தெரியுமா?" என்பார்.

ஒரே ஒரு முள். கூடப் படித்த நெட்டையன். அவனைப் பற்றி வேறு யாராவது முந்திக்கொண்டு வீட்டில் வத்தி வைத்தால் கல்லூரி போச்சு. அதனால் தானே அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அம்மா சுவரோரம் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த சட்டைகள் மூட்டையாக வீட்டுக்கு வரும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் நறுக்கிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. போனில் எல்லாமே குரல்தான். மைக்கைத் தொட்டு மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டுப் பேசலாம், முடிந்ததும் அம்புக்குறியை அழுத்து என்று அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாள். குப்பைத்தொட்டிப் படம் எதற்கென்று சொல்லித்தரவில்லை. அப்பா, அப்பாவின் அக்காவான அந்த அத்தை, சித்தப்பா, அம்மா ஆகிய நாலு பேரும் இருக்கும் குடும்ப குரூப்பில் அம்மா நாள் முழுக்க வேலை பார்த்தபடியே பேசுவாள். அன்றைக்கும் போனை மூட்டைமேல் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டு ஓடினாள். குழாயை மூடிவிட்டு வந்தவள் விட்ட பேச்சை மறந்து கத்திரியை எடுத்தாள்.

வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒன்னு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத."

"நீ என்னைக்குடி என்னைப் பேச விட்ட?"

"விளையாடலம்மா."

"கத்திரியைப் பார்த்துப் பிடி. துணியில பட்டுச்சுன்னா என் தலைதான் உருளும்."

சொன்னாள். இரண்டு வருடமாக என்பதையும் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் பேசுவது. பரீட்சை முடிந்த அன்று அவன் கையைப் பிடித்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, அறை விழப் போகிறது என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டாள்.

அம்மாவின் கத்திரி நின்றிருந்தது.

"நோட்டு வாங்க வந்து, வாசல் நிலை இடிக்கும்னு குனிஞ்சுக்கிட்டே நின்னானே, அந்த நெட்டக்காலனா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குப் படிக்கத்தான்டி தெரியாது. கண்ணு நல்லாத் தெரியும்." அம்மா ஒரு நூலை நறுக்கினாள். "படிப்பை விட்டுற மாட்டியே?"

"செத்தாலும் விட மாட்டேன்."

"அப்போ போய்ப் படி. உங்கப்பாகிட்ட நான் நேரம் பார்த்துச் சொல்றேன். உங்கத்தை காதுல மட்டும் விழுந்துரக் கூடாது."

வக்கீலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அம்மாவின் தோளில் சாய்ந்தாள். அம்மா தள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ சொல்வதுபோல் அம்மா சொன்னாள்:

"கல்யாணத்துக்கு முந்தி நான் கம்பெனிக்குப் போனப்போ ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தாரு. ஜன்னலோர மிஷினை யாருக்கும் விடாம எனக்குன்னு வச்சிருப்பாரு. எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. எங்கம்மாகிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா?"

"என்ன, ஒதைதான் விழுந்திருக்கும். ஆனா சொன்னோம்னு இருந்திருக்கும்ல."

வக்கீல் முகம் கழுவ எழுந்து போனாள். பதினேழு வருடத்தில் அம்மா தன்னைப் பற்றிச் சொன்ன முதல் சேதி அது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். போன் திரை எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டோம் என்று நினைத்து, அதை நிறுத்தத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் நிறுத்தினாள். அம்புக்குறியை அழுத்தினாள். பதினோரு நிமிடமும் அப்படியே குரூப்புக்குப் போய்விட்டது.

அரை மணி நேரத்தில் அத்தை கூப்பிட்டாள். எடுத்ததும் கேட்டது வக்கீலைப் பற்றி அல்ல.

"யாருடி அந்தக் கட்டிங் மாஸ்டர்?"

அப்பா வண்டி ஓட்டும்போது குரூப் குரல்களை வேன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். அன்றைக்கு வேனில் பதினான்கு பேர். முதலில் குடத்துச் சத்தம் கேட்டுச் சிரித்தார்களாம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்ற பிறகுதான் அவருக்கு ஸ்பீக்கரை அணைக்கவே கை வந்தது. மீதியைக் கம்பெனி வாசலில் தனியாகக் கேட்டார்.

ஆறு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமலே அம்மாவைக் கேட்டார்.

"யாரு அவன்?"

"ஐயோ, அப்படி ஒருத்தனும் இல்லைங்க." அம்மாவின் குரல் எங்கேயோ இருந்து வந்தது. "இவ வாயைப் பிடுங்கத்தான் கதை கட்டுனேன். நம்மளும் ஒன்னு சொன்னாத்தானே இவ கக்குவா?"

அம்மா மகளைப் பார்க்கவில்லை.

வக்கீலுக்கு ஓட்டை உடனே தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகல்லவா அம்மா தன் கதையைச் சொன்னாள்? கக்கிய பிறகு எதற்குத் தூண்டில்? அப்பாவும் அதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். திரும்பினார்.

"நீ சொல்லு வக்கீல். உங்கம்மா சொல்றது நிஜமா?"

படித்த பிள்ளை பொய் சொல்லாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வீட்டில் அவள் பேச்சுக்கு இருந்த மரியாதையே அதுதான்.

"நிஜம்தான்பா."

"நீதான் எல்லாத்தையும் முதல்லயே சொல்லிட்டியே?"

"எல்லாத்தையும் சொல்லல. இன்னும் இருக்குன்னு அம்மாவுக்குச் சந்தேகம். அதான் கதை சொல்லிக் கேட்டாங்க."

"அப்போ, கையைப் பிடிச்சதுக்கு மேல இருக்கு?"

அம்மா பிசிறு வெட்டிய நூலையெல்லாம் கூட்டிக் கூட்டி ஒரு குவியலாக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும். தூக்கவில்லை.

"ஆமாப்பா" என்றாள் வக்கீல்.

அவர் அடிக்கவில்லை. கல்லூரியிலிருந்து வந்த காகிதத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. வக்கீல் என்றும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை புது மூட்டை வந்தது. அம்மா இன்னொரு கத்திரி எடுத்துக் கொடுத்தாள். போனை அணைத்து அலமாரிமேல் வைத்திருந்தாள். கை வேலையாக, எதிரும் புதிருமாக இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம்வரை வெட்டினார்கள். அம்மா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"கத்திரியைப் பார்த்துப் பிடி."